பிஜப்பூர் கட்டடப் பயணம்: போகலாமா என்று கேட்பவர்களுக்கு

அடையாறில் இருந்து ஒரு சின்னக் குழு நடத்தும் பிஜப்பூர் பயணத்தில் போய்விட்டு வந்ததில் இருந்து, எப்படி இருந்தது, கொடுத்த காசுக்குத் தேறுமா, அப்பா அம்மாவை அனுப்பலாமா என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். குறைகள் இருக்கின்றன, அதில் ஒன்று நிஜமாகவே பெரிய குறை, அதையும் கீழே சொல்கிறேன். ஆனாலும் போங்கள்.

பிஜப்பூர் என்றால் இப்போது அரசாங்கப் பெயர் விஜயபுரா, 2014-ல் மாற்றினார்கள். வட கர்நாடகம். 1490 வாக்கில் இருந்து 1686 வரை ஆதில் ஷாஹி சுல்தான்களின் தலைநகரம். சென்னையில் இருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஹம்பி, பாதாமி போகிற வழியில் பெரிய குவிமாடச் சமாதியான கோல் கும்பஸை மட்டும் எட்டிப் பார்த்து, மேலே ஏறி ஒரு கத்து கத்திவிட்டு இறங்கி விடுவார்கள். இந்தக் குழு அப்படி இல்லை. ஊரைவிட்டு எங்கேயும் நகராமல், அந்த ஒரே தலைநகரத்தின் கட்டடங்களை எழும்பிய வரிசையிலேயே காட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி: இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? எனக்கு இந்தப் பயணம் பிடித்ததற்கு முழுக் காரணமும் அந்தக் கேள்விதான். கட்டட வரலாற்றை இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நடத்துகிறவர் ஒரு ஆர்க்கிடெக்ட். தமிழில்தான் பேசுகிறார், சொல்லாக்கமாகத் திணிக்கிற தமிழ் இல்லை, கோயில் கட்டடத்துக்கு நாம் வைத்திருக்கிற சொற்களையே எடுத்துப் பயன்படுத்துகிறார். கொடுங்கை (வெளியே நீண்டு வளைகிற கூரை விளிம்பு), போதிகை (தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்குகிற கல்), சுண்ணாம்புக் காரை என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் நின்ற ஸ்தபதிக் குடும்பத்துப் பையன் ஒருவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பெர்சியப் பெயர் வேண்டிய இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறார். குழுவில் எல்லா வயசிலும் ஆட்கள் இருந்தார்கள். மேடம் மேடம் என்று எல்லோரும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தோம், ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சென்னையிலேயே ஒரு காலை நேர அறிமுகம் வைக்கிறார்கள், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பள்ளிவாசலில். இதைத் தவறவிடாதீர்கள், கட்டணத்திலேயே அடக்கம். 1795-ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் நினைவாக அவர் குடும்பம் கட்டியது, மரமும் இரும்பும் இல்லாமல் கருங்கல்லில். தொழுகைத் திசையைக் காட்டுகிற மாடமான மிஹ்ராபுக்கு மேலே இருக்கிற பாரசீகக் கல்வெட்டு வரிகளை எழுதியவர் நவாபிடம் முன்ஷியாக, அதாவது செயலாளராக, இருந்த ராஜா மக்கன்லால் என்கிற இந்து. எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் கட்டிய ஆண்டு வரும்படி எழுதுகிற வழக்கம் அது. அதே வழக்கத்தில் எழுதியதைப் பிஜப்பூரிலும் பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லித்தான் அங்கேயே தொடங்கினார். வருஷக்கணக்காக அந்த ரோட்டில் போய் வருகிறவர்கள் குழுவில் பாதிப் பேர், உள்ளே வந்தது அன்றுதான்.

பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மும்பை போகிற ரயிலில் மாலையில் ஏறி, காலையில் சோலாப்பூரில் இறங்கி, அங்கிருந்து வேனில் சுமார் 100 கிலோமீட்டர். ரோடு நன்றாக இருக்கிறது. வேனில் ஏசி பாதி வழியில் நின்றுவிட்டது, வெயில் காலத்தில் போகிறவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை, வண்டியை மாற்றச் சொல்லிக் கேட்டோம், மறுநாள் மாற்றிக் கொடுத்தார்கள்.

முதலில் ஜாமி மசூதி. பெரும்பாலான டூர் பஸ்கள் கடைசியில் நேரம் இருந்தால் நிறுத்துகிற இடம், இவர்கள் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர். தக்காணத்து சுல்தான்கள் ஒன்று சேர்ந்து விஜயநகரத்தைத் தோற்கடித்தார்கள், அங்கே ஆட்சியை நடத்திவந்த ராமராயர் கொல்லப்பட்டார். அந்த வெற்றியில் பெரும் பங்கு எடுத்துக்கொண்ட முதலாம் அலி ஆதில் ஷா, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டை மதிலை முடித்தார், அப்புறம் 1570-களில் இந்த மசூதியைத் தொடங்கினார். விஜயநகரத் தலைநகரமான ஹம்பி இடிந்து கிடப்பதை நாம் எல்லோரும் போய்ப் பார்த்திருக்கிறோம், படம் எடுத்திருக்கிறோம். அங்கிருந்து போன செல்வம் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு பதில் இங்கே நிற்கிறது. இதை மேடம் குரலை உயர்த்தாமல், யார் பக்கமும் சாயாமல் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழுவில் இதைக் கேட்டு ஒருவர் கொஞ்சம் சூடானார். அவரிடமும், ராமராயர் இதே சுல்தான்களோடு மாறி மாறிக் கூட்டு வைத்து ஒருவர் நாட்டை இன்னொருவரோடு சேர்ந்து தாக்கியதையும் சேர்த்துச் சொல்லி, போரை மதச் சண்டையாக மட்டும் பார்க்க முடியாது என்று விளக்கினார்.

மசூதி உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய கனமான தூண்கள், வரிசை வரிசையாக வளைவுகள், அலங்காரம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. தரையில் ஒருவர் நின்று தொழும் அளவுக்குக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறார்கள், 2,250 கட்டங்கள், ஔரங்கசீப் ஊரைப் பிடித்த பிறகு போடவைத்தது என்று சொல்லப்படுகிறது. மிஹ்ராப் மட்டும் தனி. 1636-ல் முகமது ஆதில் ஷா காலத்தில் தங்கமும் வண்ணமும் பூசியது. கிட்டே போய் நின்று பார்த்தால், சுவரில் மாடங்கள் இருப்பது போலவும் அந்த மாடங்களில் புத்தகங்களும் பூச்சாடிகளும் அடுக்கி வைத்திருப்பது போலவும் தெரிகிறது. தொட்டால் வெறும் சுவர். எல்லாம் வரைந்தது. சாம்பல் நிறமும் வெள்ளையுமாக இருக்கிற மண்டபத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் இத்தனை நிறம்.

மண்டபத்து நடுக் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிற வளைவுகள் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கோல் கும்பஸில் வேண்டும் என்றார். இப்படி ஒரு கட்டடத்தில் விதை போட்டு இன்னொன்றில் முளைக்க வைக்கிற சாமர்த்தியம் எல்லா வழிகாட்டிக்கும் வராது.

அடுத்து இப்ராஹிம் ரௌஸா, ஒரு சுல்தானின் சமாதி வளாகம். இங்கேதான் என் பெரிய குறை. சாயங்காலம் கொண்டுபோய் விட்டார்கள், மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது, ஒரு மணி நேரம்கூட முழுசாக நிற்கவில்லை. என் கணக்கில் பிஜப்பூரில் பார்க்க வேண்டிய முதல் கட்டடம் இதுதான், கோல் கும்பஸ்கூட இதற்கு அப்புறம்தான். அரை நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். கேட்டவர்களை மட்டும் கடைசி நாள் காலையில் ஜட்கா வண்டியில் மறுபடி அனுப்பினார்கள், வண்டிக் கூலி நம் கையில் இருந்து. நான் போனேன். போகாதவர்கள் இழந்தார்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் அது அவர்கள் தப்பு இல்லை, திட்டம் போட்டவர்கள் தப்பு.

ஒரே மேடையில் இந்தப் பக்கம் சமாதி, அந்தப் பக்கம் மசூதி, நடுவில் நீரூற்றுத் தொட்டி. இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா காலம், 1580-ல் சின்னப் பையனாகப் பட்டத்துக்கு வந்து 1627 வரை ஆண்டவர். சங்கீதப் பைத்தியம். தக்காணத்து உருதுவான தக்கணி மொழியில் தானே பாட்டு எழுதினார், சரஸ்வதியையும் கணபதியையும் வாழ்த்தி எழுதினார், ஜகத்குரு என்று பட்டம் போட்டுக்கொண்டார், தன் தம்பூராவுக்கு மோத்தி கான் என்று பெயர் வைத்தார். கலைஞர்களுக்கென்றே நவரஸ்பூர் என்று ஊருக்கு மேற்கே புது நகரம் 1599-ல் கட்ட ஆரம்பித்தார், 1624-ல் அகமதுநகர்த் தளபதி மாலிக் அம்பரின் படை வந்து அதை அழித்துவிட்டது. இவ்வளவு விஷயத்தையும் மேடம் சமாதித் திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது, இந்தக் கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது என்பது தானாகவே புரிந்தது.

சுவர் முழுக்க எழுத்தும் கொடியும். சாளரங்களைப் பாருங்கள், கல்லில் பூ வேலையோ வலை வேலையோ இல்லை, அரபு எழுத்துகளையே கோத்துச் சாளரமாகச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாகத்தான் உள்ளே வெளிச்சம் வருகிறது. காலையில் போனதால் அந்த வெளிச்சம் தரையில் விழுவதைப் பார்க்கக் கிடைத்தது, சாயங்காலம் போனவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. சமாதி அறையின் கல் கூரை இன்னொரு அதிசயம். சதுரத்தின் ஓரங்களில் கொஞ்சம் வளைந்து மேலேறி, நடுவில் தட்டையாக, கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. காரையின் பிடிப்பில்தான் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது என்று பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் சொல்லிவிட்டு, கழுத்து வலிக்கிற வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

எதிர்ப்பக்கம் மசூதியின் கொடுங்கையில் கல் சங்கிலி தொங்குகிறது. ஒவ்வொரு சங்கிலியும் ஒரே கல்லில் வெட்டிய கண்ணிகள். காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துச் சங்கிலியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே வந்து நின்றால் வாய் அடைத்துவிடும். கல் தச்சனின் கைக்கு எந்தக் கடவுள் வீடு என்ற பேதம் இருந்ததில்லை. விஜயநகரம் விழுந்த பிறகு தெற்கத்தி வேலைக்காரர்களுக்கு வேலை கொடுக்க ஒரு அரசவை வேண்டியிருந்தது, இப்ராஹிமின் அவை அதில் ஒன்று என்று மேடம் சொன்னதை நான் முழு மனசோடு ஏற்கிறேன். அந்தப் போதிகைகளையும் கொடுங்கையையும் பார்த்த பிறகு வேறு எப்படி நினைக்க முடியும்?

இங்கேயும் அதே கேள்விதான், பணம்? இதற்கு வாசல் கல்வெட்டே பதில் சொல்கிறது. ராணி தாஜ் சுல்தானாவுக்காக எழுப்பப்பட்டது, வேலையை முன்னின்று முடித்தவர் மாலிக் சந்தல், செலவு ஒன்றரை லட்சம் ஹுன். ஹுன் என்றால் நம் பக்கம் வராகன் என்று புழங்கிய தங்கக் காசு. ராணிக்காகத் தொடங்கியதில் ராஜாவே முதலில் அடங்க வேண்டி வந்தது. இப்போது உள்ளே குடும்பத்தார் ஆறு பேரின் சமாதிகள். ஒரு நினைவுச் சின்னத்தின் செலவுக் கணக்கையும் வேலையை நடத்தியவர் பெயரையும் கட்டடத்திலேயே வெட்டி வைத்திருப்பதை நின்று படித்தது எனக்குப் பெரிய விஷயம். நம்மூர்க் கோயில் கல்வெட்டுகளில் யார் எத்தனை ஆடு கொடுத்தார், எத்தனை கழஞ்சு பொன் கொடுத்தார் என்று இருக்குமே, அந்த ஒழுங்கு.

கோல் கும்பஸுக்கு மறுநாள் காலையில் திறக்கும்போதே கூட்டிப்போனார்கள், அதற்கு முழு மதிப்பெண். ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிட்டால் மேலே எதிரொலிக் கூடத்தில் நிற்கவே முடியாது, காது போய்விடும். நாங்கள் ஏறும்போது எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். வட்டமாகச் சுற்றி வருகிற அந்தக் கூடம் தரையில் இருந்து 100 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஒருவர் சுவரோடு சுவராக முகத்தை வைத்துக்கொண்டு காகிதத்தைக் கசக்கினார், எதிர்ப்பக்கம் நின்ற எனக்கு என் காதுக்குப் பக்கத்தில் கசக்கியது போலவே கேட்டது. கை தட்டினால் ஏழு தடவைக்குக் குறையாமல் திரும்பி வருகிறது. சத்தம் போடாமல் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று முதலிலேயே எல்லோரிடமும் சொல்லி வைத்தது நல்ல காரியம்.

கட்டட வேலை எப்படி என்பதைக் கீழே தரையில் சாக்பீஸ் இல்லாமல் கயிற்றை வைத்து விளக்கினார், பார்க்கிற எல்லோருக்கும் புரிந்தது. உள்ளே ஒரு சதுர அறை, பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 41 மீட்டர். தூண் ஒன்றுகூட இல்லை. சதுரத்தின் மேல் வட்டக் குவிமாடத்தை எப்படி உட்கார வைப்பது? எட்டு வளைவுகளை ஒன்றையொன்று வெட்டும்படி எழுப்பினால், ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்த மாதிரி ஆகும், நடுவில் எட்டு மூலையுள்ள ஒரு வளையம் கிடைக்கும். அந்த வளையம் உள்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் மேல்தான் நாம் நடந்த கூடம், அதற்குக் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் குவிமாடம் எழும்புகிறது. குவிமாடம் வெளியே தள்ளப் பார்க்கும், உள்ளே நீண்டிருக்கிற அந்தக் கனம் அதை இழுத்துப் பிடிக்கும். ஜாமி மசூதியில் பார்க்கச் சொன்னது இதைத்தான், அங்கே சின்னதாகச் செய்து பார்த்ததை இங்கே பிரம்மாண்டமாகச் செய்திருக்கிறார்கள். பொதுப்பணித்துறை சார் இந்த இடத்தில் மேடத்தை நிறுத்தி, குவிமாடச் சுவர் எவ்வளவு கனம் என்று கேட்டார். சுமார் 3 மீட்டர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்.

கையில் கொடுக்கிற கையேட்டில் ஒரு பிழை இருக்கிறது, அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும். உலகின் இரண்டாவது பெரிய குவிமாடம் என்று போட்டிருக்கிறார்கள். உள் விட்டம் சுமார் 38 மீட்டர். ரோமில் பாந்தியன் 43 மீட்டர், பிளாரன்ஸ் தேவாலயமும் வாத்திகனில் புனித பேதுரு தேவாலயமும் இதைவிடப் பெரியவை, இந்த நூற்றாண்டு ஸ்டேடியக் கூரைகளைச் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் பழைய கட்டடங்களில் இதைவிடப் பெரிய குவிமாடம் இல்லை என்று சொன்னாலே போதுமே, அதுவே எவ்வளவு பெரிய பெருமை! மற்றபடி கையேடு அருமை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தரைப்படம், கட்டியவர், வேலையை நடத்தியவர், பணம் வந்த வழி, அப்புறம் அந்த இடத்துக்கு என்ன ஆயிற்று என்று தமிழில் தெளிவாக இருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருகிறேன், எனக்கு இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான். கோல் கும்பஸ் முகமது ஆதில் ஷாவின் சமாதி, 1627-ல் இருந்து 1656 வரை ஆண்டவர், கட்டியவர் தாபோல் ஊர்க்காரர் யாகூத் என்று சொல்வார்கள். 1636-ல் ஷாஜகானோடு உடன்படிக்கை ஆனது. வடக்கே முகலாயர் பயம் கொஞ்ச காலத்துக்கு விட்டது, படைக்குத் தெற்கே வழி திறந்தது. ஷாஹாஜி போன்ஸ்லே, சிவாஜியின் அப்பா, பிஜப்பூர்ப் படைத் தலைவர்களில் ஒருவர். பெங்களூர் போயிற்று, அப்புறம் வேலூர்ப் பக்கம் வந்தார்கள், 1649-ல் செஞ்சிக் கோட்டை விழுந்தது. அந்த ஆட்சியில்தான் பிஜப்பூர் அரசின் எல்லை இதற்கு முன்பும் பின்பும் இல்லாத அளவுக்கு விரிந்தது. நம் மண்ணில் இருந்து திறையும் கொள்ளையும் வடக்கே போய்க்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் இந்தச் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்தன. அந்தக் குவிமாடத்தின் அடியில் நின்று இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. திண்டிவனம் ரோட்டில் போகும்போது செஞ்சி மலையைப் பார்த்துவிட்டு ராஜா தேசிங்கு கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் கோட்டைக்குள் பிஜப்பூர் அதிகாரிகள் ஏறத்தாழ 30 வருஷம் இருந்தார்கள், 1677-ல் சிவாஜி வந்து பிடிக்கிற வரைக்கும். தஞ்சாவூருக்கு மராத்தியர் வந்த கதையும் இங்கேதான் தொடங்குகிறது. ஷாஹாஜியின் இன்னொரு மகன் ஏகோஜி பிஜப்பூர்ப் படையோடு வந்து 1670-களின் நடுவில் தஞ்சையைப் பிடித்து அங்கேயே தங்கிவிட்டார், அவர் வம்சத்தில் வந்தவர்தான் சரபோஜி. தாராசுரம் போகிற வழியில் தஞ்சை அரண்மனையைப் பார்த்தவர்கள் இந்த ஊரையும் பார்த்தால்தான் அந்தக் கதை முழுசாகும்.

முகமது ஆதில் ஷா 1656-ல் இறந்ததோடு வேலை நின்றது. பூச்சும் அலங்காரமும் முடியவில்லை. தெற்கு வாசலுக்கு மேலே ராஜா இறந்த ஆண்டு, ஹிஜ்ரி 1067, வாலாஜா பள்ளிவாசலில் பார்த்தோமே அதே எழுத்துக்கணக்கு முறையில் வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் குழுவில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, நாம் திருவல்லிக்கேணியில் பார்த்தோமே என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

பாரா கமான் பக்கத்தில் அதிக நேரம் எடுக்கவில்லை, எடுக்கவும் தேவையில்லை. இரண்டாம் அலி ஆதில் ஷா அப்பாவின் சமாதியையும் மிஞ்சக் கட்ட நினைத்தார். சிவாஜி ஒரு பக்கம், முகலாயர் ஒரு பக்கம், நாடு சுருங்கிக்கொண்டே வந்தது, 1672-ல் அவரும் போய்விட்டார். கூரையே இல்லாமல் கருங்கல் வளைவுகள் மட்டும் புல்தரையில் நிற்கின்றன. காசு நின்றால் கட்டடம் எங்கே நிற்கும் என்பதைப் பார்க்க வேறு எங்கேயும் போக வேண்டாம். ககன் மஹால் அரண்மனையின் 60 அடி அகல வளைவையும் அதே நாளில் காட்டிவிட்டார்கள். கடைசி சுல்தான் சிக்கந்தரை 1686-ல் வெள்ளிச் சங்கிலி போட்டு ஔரங்கசீப் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது அங்கேதான் என்று சொல்கிறார்கள். மாலிக்-இ-மைதான் பீரங்கி, 55 டன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வாய்ப்பக்கம் யானையைக் கவ்வுகிற சிங்க முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம்.

தாஜ் பாவ்டியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள், எங்கள் அட்டவணையில் இருந்தது, சில சமயம் விட்டுவிடுகிறார்களாம். 1620-ல் ராணி தாஜ் சுல்தானா பெயரில் வெட்டிய பெரிய குளம், முகப்பில் ஒரு பெரிய வளைவு, இரண்டு பக்கமும் எண்கோணக் கோபுரங்கள். வறண்ட ஊர் இது. பக்கத்து டோர்வி கிராமத்தில் இருந்தும் பேகம் தலாவ் ஏரியில் இருந்தும் மண் குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்து, அழுத்தம் தாங்க நடுநடுவே கல் கோபுரங்கள் கட்டி, ஊருக்குள் பிரித்து விட்டிருக்கிறார்கள். சமாதிக்கு ஒன்றரை லட்சம் ஹுன் கொடுத்த அரசர்கள் குடிதண்ணீருக்கும் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊருக்கு நியாயம் செய்ததாக ஆகாது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய சென்னைக்காரர்களுக்கு இந்த இடம் நன்றாகவே உறைக்கும்.

குழுவில் திருவல்லிக்கேணியில் இருந்து ஒரு வயசான அம்மா வந்திருந்தார், வீட்டில் பேசுவது உருது. ஜட்கா வண்டிக்காரரிடம் பேச ஆரம்பித்தார், ரெண்டு நிமிஷத்தில் இருவரும் ஹௌ (ஆமாம்), நக்கோ (வேண்டாம்) என்று சொந்த ஊர்க்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். டெல்லியில் போய்ப் பேசினால் என் உருதுவைப் பார்த்துச் சிரிப்பார்கள், இங்கே யாரும் சிரிக்கவில்லை பாருங்கள் என்று எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இப்ராஹிம் பாட்டு எழுதிய அதே தக்கணிதான் அம்மா நீங்கள் பேசுவது என்று மேடம் சொன்னதும் அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். மொழி தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் இந்த ஊர் வேறு மாதிரி திறக்கும். திருவல்லிக்கேணி, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாப்பாடு. காலையில் ஓட்டலிலேயே இட்லி, உப்புமா, சுமார். மதியம் கானாவளிக்கு, அதாவது உள்ளூர் மெஸ்ஸுக்கு, கூட்டிப்போனது நல்ல முடிவு. சூடாகத் தட்டித் தட்டிப் போடுகிற சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப் பொடி, கெட்டித் தயிர், பச்சை வெங்காயம். கடினச் சோள ரொட்டியும் வைப்பார்கள், பல் சரியில்லாதவர்கள் மெத்தென்ற ரொட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரம் அதிகம். தினமும் சோறு இல்லாமல் முடியாது என்பவர்கள் முன்பே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்கிறார்கள். தங்கிய ஓட்டல் சுத்தம், ஆனால் ரோட்டுப் பக்க அறை வாங்கினால் ராத்திரி லாரிச் சத்தத்தில் தூக்கம் வராது, உள்பக்க அறை கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பேச்சு வைத்திருந்தார்கள், நாள் முழுக்க வெயிலில் நடந்தவர்களிடம் ஸ்லைடு போட்டால் யார் கண் திறந்திருக்கும், அதை ரயிலிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அப்பா அம்மாவை அனுப்பலாமா என்ற கேள்விக்கு: முழங்கால் சரியாக இருந்தால் தாராளமாக அனுப்பலாம். கோல் கும்பஸ் படிகள் குறுகல், ஏழு மாடி, செங்குத்து, பிடித்துக்கொள்ள எல்லா இடத்திலும் கம்பி இல்லை. மேலே ஏற முடியாதவர்களைக் கீழே தனியாக விடாமல், பக்கத்தில் நகார் கானாவில் (பழைய முரசு மண்டபம்) இருக்கிற மியூசியத்துக்குக் கூட்டிப்போக ஒரு ஆளை வைத்திருந்தார்கள், அந்த அக்கறைக்கு நன்றி. தொப்பி, தண்ணீர், தலையை மூடத் துப்பட்டா அல்லது கைக்குட்டை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு, இவ்வளவு போதும். நவம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் போங்கள்.

கட்டணம் சுலபமாகக் கொடுக்கிற தொகை இல்லை. ரயில், தங்குமிடம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு, கையேடு எல்லாம் உள்ளடக்கம், தனியாகப் போனால் குறைவாகத்தான் ஆகும். ஆனால் தனியாகப் போயிருந்தால் நான் கோல் கும்பஸில் கத்திவிட்டு இறங்கியிருப்பேன். அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

குழுவினருக்கு என் வேண்டுகோள் ரெண்டே ரெண்டு. இப்ராஹிம் ரௌஸாவைக் காலை நேரத்துக்கு மாற்றி, அரை நாள் கொடுங்கள், அதற்காகப் பீரங்கியையும் ராத்திரிப் பேச்சையும் குறைத்தாலும் பரவாயில்லை. அப்புறம், திரும்பி வந்த பிறகு செஞ்சிக்கு ஒரு நாள் பயணம் சேருங்கள். சென்னையில் இருந்து 150 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும், காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம், கல்யாண மஹாலையும் 1717-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் காலத்தில் எழுந்த பள்ளிவாசலையும் பிஜப்பூர் பார்த்த கண்ணோடு பார்க்க எங்கள் குழுவில் எல்லோருமே தயாராக இருக்கிறோம். பெயர் கொடுத்து வைத்திருக்கிறோம், தேதி சொல்லுங்கள்.